மருந்தடிக்கும் முன் டேங்கைப் பாருங்கள்

சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகிவிட்டன. ஆனாலும் அதைத் தாண்டி கோவில்பாளையம், அன்னூர் பக்கம் போனால், முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடிப்பவர்களைத் தோட்டங்களில் இன்றும் காணலாம். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால். மூக்கை மூடிவிட்டால் விஷம் ஏறாது என்பது பலருடைய எண்ணம். இது முழு உண்மையல்ல. டேங்க் கட்டி அடிப்பவரின் உடம்பில் சேரும் மருந்தில் பெரும் பகுதி தோல் வழியாகவே உள்ளே போகிறது.

தோலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 1971-இல் வெளியிடப்பட்ட சோதனை இதைக் காட்டியது. முன்னங்கை உறிஞ்சியது 1 பங்கு என்றால், நெற்றி 4 பங்கும், அக்குள் 7 பங்கும், விதைப்பைத் தோல் ஏறத்தாழ 12 பங்கும் உறிஞ்சின. இப்போது ஒழுகும் டேங்கை நினைத்துப் பாருங்கள். மூடியில் வாஷர் தேய்ந்திருந்தால், குனியும்போதெல்லாம் மருந்து தளும்பி முதுகு வழியே இடுப்புக்கு இறங்குகிறது. லுங்கி நனைந்து, உடம்பில் மிக மோசமாக உறிஞ்சும் இடத்திலேயே நாள் முழுவதும் ஒட்டிக் கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை டேங்கைச் சோதிப்பதுதான். வெறும் தண்ணீரை ஊற்றி, அழுத்தம் ஏற்றி, மூடி, ஹோஸ் பொருத்திய இடம், கைப்பிடி விசை ஆகியவற்றில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வாஷரை மாற்ற ஆகும் செலவு அற்பம். நாசில் அடைத்துக் கொண்டால் வாயால் ஊதக் கூடாது. பழைய பல் பிரஷால் தண்ணீரில் தேய்த்தால் போதும். டேங்கைக் கழுத்து வரை நிரப்பாமல் சற்றுக் குறைத்து ஊற்றினால் தளும்பாது, சுமையும் குறையும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நேரம் மருந்து கலக்கும் நேரம். அடிக்கும்போது தெறிப்பது தண்ணீர் கலந்த மருந்து. கலக்கும்போது கையில் படுவது சுத்த விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. கையை விட்டுக் கலக்காமல் நீண்ட குச்சியால் கலக்க வேண்டும். லேபிளில் உள்ள சதுரத்தின் கீழ்ப் பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம்; அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமல்ல!

உடுப்பு விஷயத்தில், முழுக்கை சட்டை, பேன்ட், ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணாடி, தொப்பி வேண்டும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும்; உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் தேங்கும். தாழ்ந்த பயிருக்கு அடிக்கையில் சட்டைக்கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். மேல்நோக்கி அடிக்கையில் கையுறை சட்டைக்கைக்கு மேலே. டேங்குக்கும் முதுகுக்கும் நடுவே தடித்த பாலிதீன் தாள் ஒன்றைக் கட்டிக் கொள்ளலாம். மூக்குக்கு லேபிள் சொல்லும் முகமூடியே வேண்டும். துண்டு நனைந்தால் மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது, பல மருந்துகளைக் கலந்து அடித்தது, வேகமாகப் பீய்ச்சும் பம்பு, பாதுகாப்பு உடை இல்லாதது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. உயர்ந்த பயிருக்குள் புகுந்து அடிக்கும் நம் பக்கத்தாருக்கும் இது பொருந்தும்.

கோவைப் பக்கம் இன்னொரு தொல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் பொழுது ஏற ஏற மேற்கிலிருந்து வீசும். அதிகாலையில், காற்று மெதுவாக இருக்கும்போது முடித்துவிட வேண்டும். உடுப்பின் புழுக்கமும் அப்போது குறைவு. மேல்காற்றானால் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி, வடக்கும் தெற்குமாக நடந்து, சால் சாலாக மேற்கே நகர வேண்டும். குழாயைக் கிழக்குப் பக்கம் நீட்டிப் பிடித்தால், அடித்த செடிக்குள் நடக்க நேராது. புகையும் விலகிப் போகும். காற்று பலமானால் அன்றைக்கு வேலையை நிறுத்துவதே சரி.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, பிறகே பீடி, சாப்பாடு. உடுப்பைக் குழந்தைகள் துணியோடு ஊறப் போடக் கூடாது. துவைக்கும் வீட்டுப் பெண்களுக்கும் கையுறை வேண்டும். காலிப் பாட்டிலை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட்டு, பாட்டிலை ஓட்டை போட்டுவிட வேண்டும். எண்ணெய் வாங்க உதவும் என்று எடுத்து வைப்பவர் இன்னும் இருக்கிறார்கள்.

அடிக்கும்போதோ அன்றிரவோ தலைவலி, கிறுகிறுப்பு, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்குதல், தசை துடித்தல் தோன்றினால் வெயில் மயக்கம் என்று படுத்துவிடக் கூடாது. உடுப்பைக் களைந்து, உடம்பைச் சோப்பால் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். மோர், பால் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது தவறு. அடித்த மருந்தின் லேபிளை மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் உடனே சரியான மாற்று மருந்தைக் கொடுக்க முடியும்.