நோய் தீர்க்கும் நீர்

உண்ணவும் குளிக்கவும் பயன்படும் நீரையே நோய்க்கு மருந்தாகவும் கருதி, மக்கள் அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும்.

மழைநீர் நிலத்தினுள் ஆழ இறங்குகின்றது. பாறைகளிலுள்ள கந்தகம், இரும்பு, சுண்ணாம்பு முதலியவை சிறிது சிறிதாக அதிற் கரைகின்றன. பூமியின் உள்வெப்பத்தாற் சூடேறிய அந்நீர், பாறை வெடிப்புகளின் வழியே மேலெழுந்து வெந்நீர் ஊற்றாகப் பொங்குகின்றது. இங்கிலாந்திலுள்ள பாத் நகரில் இத்தகைய ஊற்றை ஒட்டி உரோமர் குளியல் மண்டபம் எழுப்பினர். பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்னும் ஊரின் பெயரே இத்தகைய நீராடும் ஊர்களுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. ஐரோப்பாவில் உள்ள இவ்வகை நகரங்களுள் பதினொன்றினை, 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது. ஈழத்தில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. வெந்நீர்க் குளியல் மூட்டுவலியையும் தசைப்பிடிப்பையும் தணிக்கும். எனினும் எல்லா நோய்களையும் அது தீர்த்துவிடாது.

குமரி மாவட்டமோ குளிர்ந்த நீர்வளம் மிக்கது. கோதையாறு பாறைமேல் பரந்து வீழும் திற்பரப்பு அருவியில் நீராடி உடலும் உள்ளமும் குளிர்ந்து மீள்வோர் பலர். அருவிக்கு அருகிலேயே மகாதேவர் கோயில் அமைந்துள்ளது.

இம்மாவட்டத்தின் அகத்தீசுவரம் வட்டத்தில் உள்ள சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு என்றொரு கிணறு உண்டு. அதன் நீர் வெந்நீர் அன்று. ஆயினும் அது நோய் தீர்க்கும் என்பது அங்கு வருவோரின் நம்பிக்கை. அக்கிணற்றுக்கு வேறொரு பெருமையும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் நாட்டில், தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் பொதுக்கிணறுகளை அணுகுதல் இயலாது. தூய நீர் மறுக்கப்பட்ட இடத்தில் நோய் குடிபுகும் அன்றோ? அய்யா வைகுண்டர் (1809–1851) அந்நிலையை மாற்ற முனைந்தார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒருங்கே நீர் இறைக்கவும் குளிக்கவும் செய்தார். திருவிதாங்கூர்க் கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது, அவர் மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பின்னர், 1936-ஆம் ஆண்டிலேதான். இன்றும் சாமித்தோப்புப் பதிக்குச் செல்வோர் அக்கிணற்றில் நீராடிய பின்னரே உள்ளே புகுகின்றனர்.

கந்தகம் கலந்த நீர் சிலருடைய மூட்டுவலியைத் தணிக்கலாம். எவர்க்கும் மறுக்கப்படாத தூய நீரோ ஓர் ஊர் முழுவதற்கும் நலம் தரும். வேற்றுமை என்னும் பிணிக்கும் அதுவே மருந்தாகும்.