கேட்கத் தெரிந்து கேட்போம்



1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதலாவதாகக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அன்று அதனுடன் சேர்ந்திருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று எலும்பு முறிந்து வரும் லாரி டிரைவரிடமும், வயிற்று வலியோடு வரும் தறித் தொழிலாளியிடமும் குடியைப் பற்றி நாங்கள் கேட்டே ஆகவேண்டும்.

ஏனெனில், தினமும் மிகுதியாய்க் குடித்தவர் படுக்கையில் சேர்ந்ததும் குடி திடீரென நின்றுவிடுகிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும், உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் உரிய மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துக் காக்கலாம்.

"குடிப்பீர்களா?" என்றால், "எப்பவாச்சும்தானுங்க" என்பார்கள். ஆகையால் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்னும் 10 கேள்விகள் உதவுகின்றன. மொத்த மதிப்பெண் 40. 8 வந்தாலே எச்சரிக்கை. 8 முதல் 15 வரை எளிய அறிவுரை, 16 முதல் 19 வரை தொடர்ந்த ஆலோசனை, 20 அல்லது அதற்கு மேல் சிறப்பு மருத்துவரின் பரிசோதனை.

இதில் ‘ஒரு அளவு’ என்பது 10 கிராம் சாராயச் சத்து. நம் ஊரிலோ கணக்கு குவார்ட்டரில்தான். 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் உண்டு. "ஒண்ணே ஒண்ணு" என்பவர் உண்மையில் ஆறு அளவு குடித்திருக்கிறார்!

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. பெண்களின் உடலில் நீர் குறைவாதலால் சிறிது மதுவும் அதிகம் தாக்கும். ஆடிட்டின் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கையில் ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 எச்சரிக்கை எல்லை. கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது. வெட்கத்தால் மறைப்பவர்களிடம், "எவ்வளவு குடித்தால் போதை ஏறும்?" என்று கேட்கும் ‘டி-ஏஸ்’ முறை உண்டு. வாலிபருக்கான ‘கிராஃப்ட்’ கேள்விகள், குடித்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா என்றும் விசாரிக்கின்றன. அதைப் பெற்றோர் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது. முதியோர் அடிக்கடி விழுவதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு மது சேர்ந்ததும் காரணமாயிருக்கலாம்.

உங்கள் சபையிலும் வீட்டிலும் இப்படிப்பட்டவர் இருக்கக்கூடும். தயவுசெய்து அவரை அறையில் பூட்டி, ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கைநடுக்கம் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். குற்றம் சாட்டும் குரலுக்கு ஒருவரும் உண்மை சொல்வதில்லை. அன்பாய், தனியாய்க் கேட்கும்போது பலர் மனந்திறக்கிறார்கள். அப்படிக் கேட்பதற்கு நாங்களும் ஒவ்வொரு நாளும் கற்று வருகிறோம். எங்களுக்காக ஜெபியுங்கள்.