பெரிய விளையாட்டரங்குகளில் ஒலியமைப்பு: தங்கவயல் உணர்த்தும் பாடம்

விளையாட்டரங்கு ஒன்றைத் திட்டமிடும்போது, ஒலிபெருக்கி அமைப்பைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளும் செலவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. பந்தயத்தின் நிலையை அறிவிக்கவும் இசைத்தட்டுகளை ஒலிபரப்பவும் மட்டுமே அது தேவைப்படுகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் ஆயிரக்கணக்கான மக்கள் கூடும் இடத்தில், அபாய வேளையில் அவர்களை வழிநடத்தும் கருவிகளுள் முதன்மையானது ஒலிபெருக்கியே.

1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் கால்பந்துப் பந்தயத்தின்போது 16 பேர் மாண்டனர். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களுக்கு வெளியே 11 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் காரணங்கள் பலவாகும். எனினும் அரங்கிற்குள் மட்டுமன்றி, வாயிலிலும் வெளிச்சாலையிலும் நிற்போருக்கும் செய்தி தெளிவாக எட்ட வேண்டும் என்பதை இவை வலியுறுத்துகின்றன. ஹில்ஸ்பரோ நிகழ்ச்சியை ஆராய்ந்த நீதிபதி டெய்லர் 1990ஆம் ஆண்டு அறிக்கையில், தனிப் பகுதிக்கும், பகுதிகளின் தொகுதிக்கும், அரங்கு முழுவதற்கும் வேண்டியவாறு அறிவிக்கத்தக்க அமைப்பு தேவை என்றும், முக்கிய அறிவிப்புக்கு முன் உரத்த எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

தொலைவும் ஒலியும்

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. கூட்டத்தின் ஆரவாரம் 85 டெசிபெல் எனக் கொள்வோம். பேச்சு தெளிவாகப் புரிய அது ஏறத்தாழ 10 டெசிபெல் மிகுந்து, 95 டெசிபெல்லாக இருத்தல் வேண்டும். 100 மீட்டருக்கு அப்பால் உள்ளவருக்கு ஒரே ஒலிபெருக்கியால் இதனை அளிப்பதானால், 1 மீட்டர் தொலைவில் அது 135 டெசிபெல் ஒலிக்க வேண்டும். அருகில் இருப்போரின் செவி பழுதாகும். ஒலிபெருக்கிகளைப் பகிர்ந்தமைத்து, ஒவ்வொன்றும் 20 மீட்டர் வரை மட்டுமே எட்டினால் போதும் என வகுத்தால், இத்தேவை 121 டெசிபெல்லாகக் குறைகிறது.

பகிர்ந்தமைப்பதிலும் ஓர் இடர் உண்டு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. ஆகவே 100 மீட்டர் தள்ளியுள்ள ஒலிபெருக்கியின் குரல், அருகிலுள்ளதன் குரலுக்கு 0.29 நொடி பிந்தி வந்து எதிரொலியாகக் கேட்கும். நீண்ட அரங்கில் ஒரே திசையில் வரிசையாக நிற்கும் ஒலிபெருக்கிகளுக்கு, முதல் ஒலிபெருக்கியிலிருந்து அவை உள்ள தொலைவுக்கேற்பக் காலத் தாமதம் அளிக்க வேண்டும். இன்றைய எண்ணியல் கருவிகள் இதனை எளிதாகச் செய்கின்றன.

தங்கவயலின் மின்பாதை

நீண்ட கம்பிகளில் ஆற்றல் வீணாகாமல் காப்பது எவ்வாறு? இதற்கு விடை கோலார் தங்கவயலின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. மின்னழுத்தத்தை உயர்த்தினால் அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் ஏற்படும் இழப்பு கால் பங்காகும். அந்த நெடும்பாதையைச் சாத்தியமாக்கியது இவ்விதியே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோதிலும் விதி மாறவில்லை.

8 ஓம் மின்மறிப்பும் 50 வாட் திறனும் கொண்ட 10 ஒலிபெருக்கிகளை இணையாகப் பிணைத்தால் மொத்த மின்மறிப்பு 0.8 ஓம் ஆகும். 500 வாட்டுக்கு 20 வோல்ட்டில் 25 ஆம்பியர் ஓட வேண்டும். அதையே 100 வோல்ட் பாதையில், ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் சிறு மின்மாற்றி வைத்து அனுப்பினால் 5 ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. மேலும், மிகைப்பியின் திறனுக்கு உட்பட்டு, புதிய ஒலிபெருக்கிகளைப் பிற்காலத்தில் அதே பாதையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வளர்ச்சிக்கு இடமளித்தல்

சிறு நகரங்கள் முதலில் 5,000 பேருக்கு அரங்கமைத்துப் பின்னர் விரிவாக்குவது இயல்பு. எனவே தொடக்கத்திலேயே பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. அரங்கை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்திற்கு ஒரு மிகைப்பி வீதம் அமைத்தல். மாற்றாக ஒன்றைக் கூடுதலாக வைத்தல்.

2. ஒவ்வொரு மண்டலத்திலும் அடுத்தடுத்த ஒலிபெருக்கிகளை இரு வேறு மின்பாதைகளில் இணைத்தல். ஒரு பாதை பழுதுற்றாலும் மற்றதன் மூலம் அறிவிப்பு தொடரும்.

3. கட்டடம் எழும்போதே உபரிக் குழாய்களைப் பதித்தல். பின்னர் சுவரை உடைப்பதைவிட இது மிகச் சிக்கனமானது.

4. மின்தடையின்போதும் இயங்கத்தக்க மின்கலத் தொகுதி அமைத்தல்.

உள்ளூர்ச் சூழல்

சயனைடு மணல்மேடுகளிலிருந்து காற்றில் எழும் தூசி தங்கவயல் மக்கள் நன்கறிந்தது. இத்தகைய இடத்தில் தூசி புகாத உறையுள்ள ஒலிபெருக்கிகளே ஏற்றவை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவை பேசப்படும் நகரமாதலால், அபாய அறிவிப்புகளைச் சுருங்கிய சொற்களில் பல மொழிகளிலும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்தல் வேண்டும்.

அண்டை வீடுகளின் அமைதியையும் மறத்தலாகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபெல், இரவு வரம்பு 45 டெசிபெல். பொது அவசர நிலைக்கு விதிவிலக்கு உண்டு. சிறு ஒலிபெருக்கிகளைப் பார்வையாளர் பக்கம் கீழ்நோக்கித் திருப்பி அமைத்தால், ஒலி வெளியே சிதறுவதும் குறைகிறது.

அரங்கை ஏற்றுக்கொள்ளும் அலுவலர், வெற்று மைதானத்தில் ஒலித்துப் பார்ப்பதோடு நிறைவடையாமல், கூட்டம் நிரம்பிய நாளில் கடைசி வரிசையிலும் வெளிவாயிலிலும் ஆட்களை நிறுத்தி, அறிவிப்பின் சொற்களை எழுதச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சொற்கள் விடுபடும் இடங்களைக் குறித்து, அவ்விடங்களைச் சீர்செய்த பின்னரே ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தொகையை வழங்குதல் முறையாகும்.