தோல் காட்டும் வழி

மாதுங்கா, மும்பை

தம்பி,

தாராவிப் பட்டறையில் உன் தந்தையார் ஒரு தோலைக் கையிலெடுத்ததும், கட்டைவிரலால் நீவியே எந்த இடம் மெலிந்தது, எங்கே பழைய தழும்பு உள்ளது என்று சொல்லிவிடுகிறாரே, அந்த ஸ்பரிச ஞானம் எவ்வாறு வாய்க்கிறது என்று கேட்டிருந்தாய். அப்பியாசம் அதில் ஒரு பாதி. விரல் நுனியின் நரம்புகள், சரீரம் உருவாகும் பருவத்திலேயே, தமக்குரிய இடங்களில் ஒழுங்காகப் படர்ந்திருப்பது மறு பாதி.

இந்த ஒழுங்கின் மர்மத்தை விளக்கியது, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, 302 நரம்பணுக்களை மட்டும் கொண்ட ஒரு நூற்புழு. மெல்லிய தீண்டலை உணர அதற்கு ஆறு நரம்பணுக்கள் உண்டு. அழுத்தமான தீண்டலை உணரும் பி.வி.டி. என்ற வேறு இரண்டோ, உடல் முழுவதும் கிளைக்குக் கிளை செங்குத்தாகப் பிரிந்து படர்பவை. அக்கிளைகளுக்கு வழி காட்டுவது எது? அணுக்களை ஒன்றோடொன்று பற்றவைக்கும் ஒட்டுப் புரதங்களே என்று 2013-இல் தெரியவந்தது. புழுவின் தோலணுக்கள் சாக்ஸ்-7, எம்.என்.ஆர்-1 என்னும் இரு புரதங்களைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன; நரம்பணுவோ டி.எம்.ஏ-1 என்னும் புரதத்தால் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. பந்தலிட்ட பக்கம் அவரைக்கொடி படர்வதைப் போல, சாக்ஸ்-7 கோடாகப் படிந்துள்ள இடத்தை ஒட்டியே கிளை ஓடுகிறது. அப்புரதம் இல்லாத புழுவில் கிளைகள் ஒழுங்கிழந்தன. தோலில் அதை இடம் மாற்றி வைத்தபோது, கிளைகளும் அவ்விடத்தை நாடிச் சென்றன.

புழுவின் சங்கதி நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதே. சாக்ஸ்-7 புரதத்தின் உறவான எல்1 நம் உடலிலும் உண்டு. அதன் மரபணு பழுதுற்ற ஆண் குழந்தைகள் சிலருக்கு, மூளைக்குள் நீர் கோத்துத் தலை பெருக்கும் நோய் உண்டாகிறது. நம் நகரத்திலேயே, கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சந்தியா கௌஷிகாவின் குழுவினர் இதே புழுவின் தீண்டல் நரம்புகளுக்குள் சரக்குகள் எவ்வாறு கொண்டுசெல்லப்படுகின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

நரம்பே தோலை ஆள்கிறது என்று நெடுநாள் எண்ணியிருப்போம். இங்கே தோல்தான் நரம்புக்கு இடம் வகுத்துக் கொடுக்கிறது. ஆகையால் உயிரியல் படிக்கும்போது, நரம்பைத் தனியே எடுத்துப் படித்துவிட்டு நிறுத்திவிடாதே. அது எதன்மேல் படர்ந்திருக்கிறதோ, அதையும் சேர்த்தே படி.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா