தேயாத தட்டு எது?

ஆரம்பாக்கம் பக்கம் நெல் அறுத்த வயலில் உழாமலே உளுந்து விதைக்கிறேன். விதைப்புக் கருவியின் இரட்டைத் தட்டுகள் சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன. எந்தத் தட்டு நீடித்து உழைக்கும்?
*– வாசகர், ஆரம்பாக்கம்*

போரான் ஸ்டீல் தட்டாகக் கேட்டு வாங்குங்கள். எஃகில் துளி போரான் சேர்ந்தாலே போதும், பதப்படுத்தும்போது மேல்தோலோடு நில்லாமல் உள்வரை சீராக இறுகும். 3 மி.மீ., 3.5 மி.மீ. இரண்டும் கிடைத்தால், கடலோர மணல் கலந்த மண்ணுக்குத் தடித்ததே சரி. மணல்தான் தட்டைத் தின்னும் முதல் எதிரி.

ஆனால் புதுத் தட்டுக்குப் பணம் எடுப்பதற்கு முன் பேரிங்கைப் பாருங்கள். கருவியைத் தூக்கி நிறுத்தி, தட்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் கோளாறு அங்கேதான். எவ்வளவு நல்ல தட்டு போட்டாலும் கோணலாக ஓடித் தேயும்.

அடுத்தது, இரண்டு தட்டும் முன்பக்கம் உரசும் இடம். கனமான அட்டை இரண்டை மேலிருந்தும் கீழிருந்தும் இடையில் செருகுங்கள். அவை நிற்கும் இடங்களுக்கு நடுவே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால் சாலின் நடுவே மண்மேடு நிற்கும். உளுந்து ஆழம் மாறி விழும். தேய்மானத்துக்கு ஏற்ப வாஷரை இடம் மாற்றினால் உரசல் திரும்பிவிடும். 15 அங்குலத் தட்டு பதினாலரைக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். ஜோடியாகவே மாற்றுங்கள். மழுங்கியதை வைத்து ஓட்டினால் ஈரமான நெல்தாளை வெட்டாமல் சாலுக்குள் மடித்துத் திணிக்கும், முளைப்பு போய்விடும்.

உங்கள் ஊர் உப்புக்கு இன்னொன்று: விதைப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி நிறுத்துங்கள்.