அப்பாவின் பக்கவாதம், அடமானத்தில் நகை

கேள்வி: அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். அம்மாவின் தாலிச் செயின் தவிர எல்லாம் அடகுக் கடையில். இனி என்ன செய்வது?

பதில்: செயினைத் தொடாதீர்கள், தம்பி. முதலில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லை. ஆனால் கட்டி முடித்த பில்லுக்குப் பணம் திரும்ப வரும் என்று நம்பி இருக்காதீர்கள். அந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால், பயணம் தாங்குவாரா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

பெரிய செலவு வீட்டுக்கு வந்த பிறகுதான் சொட்டுச் சொட்டாக வரும்: பிசியோதெரபி, டயாப்பர், மாத்திரை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள். செயலிழந்த கையை அவரே இடது கையால் பிடித்துத் தூக்கப் பழக்குவார்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்குப் பிறகும் ஊனம் நீடித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் காசுக்காக நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.