முதலில் ரூட், அப்புறம் பர்மிட், கடைசியில்தான் வண்டி

திருமுக்கூடலைச் சுற்றி ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கல்குவாரியும் கிரஷரும் எத்தனையோ பேரை டிப்பர் லாரியில் ஏற்றிவிட்டன. ஜல்லி ஏற்றியது போதும், இனி ஆள் ஏற்றலாம் என்ற யோசனை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம்தான் காரணம். யோசனை சரி. ஆனால் எங்கேயோ மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அதன்பிறகு ரூட் தேடினால் வட்டி கட்டித்தான் மீள வேண்டும்.

ரூட்டிலிருந்து தொடங்குங்கள். 1997-இல் வந்த பழைய திட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் இந்தத் திட்டத்தில், ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர் இருக்கலாம். அதில் 65 சதவீதமாவது பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். 20 கிலோமீட்டர் ரூட் என்றால் 13 கிலோமீட்டர். அதனால் வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று பஸ் ஓடும் மெயின் ரோட்டையே நம்பி ரூட் போடாதீர்கள். சாலவாக்கம் பக்கத்து உள்கிராமங்கள், பாலாற்றைத் தாண்டினால் பழையசீவரம் ரயில் நிலையம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் குடியிருப்பில் ஆள்கள் பஸ்ஸுக்காக நடக்கிறார்கள், எத்தனை மணிக்கு நடக்கிறார்கள் என்பதை ஒரு வாரம் பைக்கில் சுற்றிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் காசு. மினி பஸ் கட்டணம் 4 ரூபாயில் தொடங்கி, 20 கிலோமீட்டருக்கு 10 ரூபாயில் நிற்கிறது. இருக்கை 25. எல்லா இருக்கையும் நிரம்பி, எல்லாரும் கடைசி ஸ்டாப்வரை வந்தாலும் ஒரு சிங்கிளுக்கு 250 ரூபாய்தான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டே கிடையாது. உங்கள் வண்டியில் உண்டு. அரசு பஸ் போகும் சாலையில் அதன் பின்னாலேயே ஓடினால் உங்களுக்கு மிஞ்சுவது டீசல் பில். பஸ் போகாத ஊர்தான் உங்கள் கலெக்‌ஷன்.

அடுத்து பர்மிட். விண்ணப்பம் பரிவாகன் தளத்தில். விசாரணைக்குக் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஒரே ரூட்டைப் பலர் கேட்டால் குலுக்கல். எனவே பர்மிட் கைக்கு வராமல் வண்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பர்மிட்டின் ஆயுள் 5 ஆண்டு. முடிவதற்கு 15 நாளுக்கு முன்பே புதுப்பிக்க மனுப் போட வேண்டும். புது வண்டிக்கு எஃப்.சி. முதல் இரண்டு ஆண்டு செல்லும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 8 வயது தாண்டினால் ஆண்டுதோறும்.

சில ஊர்களில் இன்னொரு பேச்சு உண்டு: ‘ஊரே சேர்ந்து ஒரு வேன் வாங்குவோம், டீசல் காசு மட்டும் வசூலிப்போம், பர்மிட் எதற்கு?’ பிரிட்டனில் லாபநோக்கில்லாத அமைப்புகள் இப்படி ஓட்ட 1985-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் தனி அனுமதி தருகிறது. இங்கே அந்த வழி இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கை நீட்டினாலே அது வாடகை வண்டிதான். பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். சங்கம் வைத்து ஓட்டுவதானாலும் பர்மிட் எடுத்தே ஓட்டுங்கள்.

இனி டிரைவர் வேலைக்குப் போகிறவர்களுக்கு. வயது 20 ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கட்டாயம் 2019-இலேயே போய்விட்டது. படிப்பில்லை என்று தயங்க வேண்டாம். எந்த லைசென்ஸ் வேண்டும் என்பதில்தான் டீக்கடைக்கு ஒரு கருத்து உலவுகிறது. இருக்கைகளை எண்ணாதீர்கள், வண்டியின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். அதில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்தப் போக்குவரத்து வண்டியை ஓட்டலாம், தனிப் பதிவு தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த எடையைத் தாண்டினால் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் இல்லாமல் ஏறக் கூடாது. எல்.எம்.வி. எடுத்து ஓராண்டு ஆகாமல் அதற்கு எல்.எல்.ஆர். போட முடியாது. என் யோசனை: தீர்ப்பு கைகொடுத்தாலும் டிரான்ஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். நாளைக்கே முதலாளி பெரிய வண்டிக்கு மாறினால் உங்கள் வேலை போகாது. பேட்ஜ், முதலுதவிச் சான்று, மருத்துவச் சான்று பற்றியும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதே நடையில் கேட்டு முடித்துவிடுங்கள். டிக்கெட் கொடுப்பவருக்குக் கண்டக்டர் லைசென்ஸ் தனி; மச்சானை ஏற்றிவிட்டுச் சமாளிக்க முடியாது.

லாரிக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் கார்டில் செல்லுபடித் தேதி இரண்டு: சொந்த வண்டிக்கு ஒன்று, டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒன்று. முன்னது பல ஆண்டு தள்ளி இருக்கும், பின்னது 5 ஆண்டில் முடிந்துவிடும். கண் முன்னதில் போய் நிற்கும். முன்பு முடிந்த பிறகும் 30 நாள் அவகாசம் இருந்தது. 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் விட்டால் மறுபடி டெஸ்ட். காலாவதியான லைசென்ஸோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது அந்தக் கார்டைத்தான்.

ஆள் கணக்கிலும் லாரிப் பழக்கம் வேண்டாம். அளவுக்கு மேல் ஏற்றினால் தலைக்கு 200 ரூபாய். அதோடு விடுவதில்லை: கூடுதலாக ஏறியவர்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்த பிறகே பஸ் நகர முடியும். பள்ளி நேரத்தில் இது நடந்தால் யார் யாரைத் திட்டுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சம்பளம் பேசும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். நம்மூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. அதில் அந்தக் காலத்து 15 படுக்கை ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கு என்ன, பணியாட்களுக்கு என்ன என்று கூலியைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்கள்: மாதச் சம்பளமா, டிரிப் பேட்டாவா, அபராதம் வந்தால் யார் பொறுப்பு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி என்பதுதான் வேலை நேரக் கணக்கு. ஒரிஜினல் லைசென்ஸை முதலாளியிடம் அடமானம்போல் விட்டுவைக்காதீர்கள், டிஜிலாக்கரிலும் ஏற்றிவையுங்கள்.

பர்மிட்டை வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பர்மிட் கைமாறாது; நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் ஓடுவது பர்மிட்காரர் பெயரில்தான். பர்மிட்காரர் இறந்துபோனால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாளுக்குள் ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்று மாதம் அதே பர்மிட்டில் ஓட்டலாம். அதற்குள் தன் பெயருக்கு மாற்ற மனுப் போட்டுவிட வேண்டும். காரியம் முடிந்த மறுநாளே காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.